நீங்கள் கேட்டவை: கோமாளி மீன் தொட்டியில் நைட்ரேட்... கடற்பாசி கைகொடுக்குமா?

“மகளிர் குழுக் கடனில் வீட்டுத் திண்ணையில் கோமாளி மீன் குஞ்சுகளை வளர்க்கிறேன். 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டி. இரண்டு மாதத்தில் வியாபாரிக்குக் கொடுக்க வேண்டும். நைட்ரேட் 80 காட்டுகிறது. கரையிலிருந்து கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுவந்து மாற்றியும் குறையவில்லை. செடி வைத்தால் நைட்ரேட் குறையும் என்றார்கள். கடையில் வேலம்பாசி வாங்கிப் போட்டேன். நாலே நாளில் அழுகி, குஞ்சுகள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. செடி வைக்கலாமா, கூடாதா?”

- வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்.

வைக்கலாம். ஆனால், நன்னீர்ச் செடி கூடாது. வேலம்பாசி, வாலிஸ்நேரியா போன்றவை ஆறு, குளத்துச் செடிகள். கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த உப்பு செடியின் உடம்பிலிருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். உவர் நிலத்தில் நெல் நாற்று கருகுவதும் இதே காரணத்தால்தான். கடல்நீர்த் தொட்டிக்குக் கடலில் வளர்வதுதான் சரிப்படும்.

முதலில் செய்ய வேண்டியது

குஞ்சுகள் மேலே வந்து வாய் பிளப்பதற்கு நைட்ரேட் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. அழுகிய செடி தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிட்டு, அம்மோனியாவையும் வெளியே விட்டிருக்கும். கடல்நீரின் கார அமில நிலை 8-க்கு மேல் இருப்பதால், அங்கே அம்மோனியாவின் நச்சுத்தன்மை கூடுதல். அதனால் செடி யோசனையை ஒருநாள் தள்ளிவைத்துவிட்டு, இந்த நான்கையும் அன்றே செய்வது நல்லது.

1. அழுகிய செடியை ஓர் இலைகூட விடாமல் எடுத்துவிட வேண்டும்.

2. காற்றுக் குழாயைக் கூடுதலாக ஒன்று போட வேண்டும்.

3. ஒருநாள் தீனியை நிறுத்த வேண்டும். பசியால் குஞ்சு ஒருநாளில் சாகாது. அம்மோனியாவால் செத்துவிடும்.

4. அதே உப்பளவு, அதே வெப்பம் உள்ள கடல்நீரால் கால்வாசித் தண்ணீரை மாற்ற வேண்டும். மறுநாள் அம்மோனியா சோதனை செய்து, இன்னும் காட்டினால் மறுபடி கால்வாசி மாற்ற வேண்டும்.

அம்மோனியா பூஜ்யத்துக்கு வந்து, குஞ்சுகள் பழையபடி தீனிக்கு ஓடிவந்த பிறகுதான் நைட்ரேட் பற்றி யோசிக்க வேண்டும்.

நைட்ரேட் எங்கிருந்து வருகிறது?

விவசாயிகளுக்கு இது புதிய சங்கதி இல்லை. தழைச்சத்துதான் இது. வயலில் யூரியா போட்டால் மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகின்றன. பயிர் அதை உறிஞ்சி வளர்கிறது. தொட்டியில் யூரியாவுக்குப் பதில் மீன் தீனி. தீனியிலுள்ள புரதம் மீனின் வயிற்றுக்குள் போய், செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேறுகிறது. வடிகட்டியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. வயலில் உறிஞ்சப் பயிர் இருக்கிறது. தொட்டியில் யாருமில்லை. அதனால் நைட்ரேட் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகிறது.

வாசகியின் தொட்டிக்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குஞ்சுகளுக்கு ஒருநாளைக்கு 5 கிராம் தீனி, அதில் புரதம் 40 சதவிகிதம் என்று வைத்துக்கொண்டால், உள்ளே போகும் புரதம் 2 கிராம். புரதத்தில் தழைச்சத்து 16 சதவிகிதம். அதாவது 0.32 கிராம். இதில் மீனின் உடம்பில் ஒட்டுவது ஏறக்குறைய கால் பங்கு. மீதி 0.24 கிராம் தண்ணீருக்கு வருகிறது. அத்தனையும் நைட்ரேட்டானால் 1 கிராமுக்குச் சற்று மேல். 300 லிட்டரில் கலந்தால் தினமும் லிட்டருக்கு 3.5 மில்லிகிராம் ஏறும். பத்து நாளில் 35. இருபது நாளில் 70.

தண்ணீர் மாற்றியும் குறையாததற்குக் காரணம் இதுதான். கால்வாசித் தண்ணீரை மாற்றினால் நைட்ரேட்டும் கால்வாசிதான் குறையும். 80 இருந்தால் 60 ஆகும். ஆறு நாளில் மறுபடி 80-க்கு வந்துவிடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதை.

பவழம் வளர்ப்பவர்கள் நைட்ரேட்டை 10-க்குக் கீழே வைத்திருப்பார்கள். கோமாளி மீன் அவ்வளவு மென்மையானதல்ல. 80 காட்டியதால் நாளைக்கே குஞ்சுகள் செத்துவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால், தொடர்ந்து அதிகமாக இருந்தால் வளர்ச்சி குறையும், நோய்க்கு இடம் கொடுக்கும். விற்பனைக்கு வளர்ப்பவருக்கு இரண்டுமே நஷ்டம்தான். 20-க்குக் கீழே வைத்திருப்பது நல்ல இலக்கு.

கிட் காட்டும் எண்ணைச் சரியாகப் படிக்க வேண்டும்

சோதனை கிட்டுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று நைட்ரேட்டை அப்படியே காட்டும். மற்றொன்று நைட்ரேட்டில் உள்ள தழைச்சத்தை மட்டும் காட்டும். இரண்டாவது வகையில் வரும் எண்ணை 4.4-ஆல் பெருக்கினால்தான் நைட்ரேட் அளவு கிடைக்கும். பெட்டியோடு வரும் தாளில் எந்த வகை என்று போட்டிருக்கும். கடல்நீருக்கு ஏற்ற கிட்தானா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். தண்ணீரில் நைட்ரைட் இருந்தால் நைட்ரேட் சோதனை கூடுதலாகக் காட்டும். அதனால் நைட்ரைட் பூஜ்யம் என்று உறுதி செய்த பிறகு வரும் எண்ணைத்தான் நம்பலாம்.

ஆவியாகும் தண்ணீருக்கு எதை ஊற்றுகிறீர்கள்?

பலரும் கவனிக்காத இடம் இது. தொட்டியில் ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பும் நைட்ரேட்டும் உள்ளேயே தங்கிவிடும். அதனால் குறைந்த அளவுக்குக் கடல்நீரை ஊற்றக் கூடாது, உப்பு ஏறிவிடும். நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். அந்த நல்ல தண்ணீர் கிணறு, போர்வெல்லிலிருந்து வந்தால் அதிலேயே நைட்ரேட் இருக்கலாம். வயலுக்குப் போடும் உரம், மாட்டுத் தொழுவம், கழிப்பறைக் குழி ஆகியவற்றிலிருந்து நிலத்தடி நீருக்கு நைட்ரேட் இறங்குவது உண்டு.

தினமும் 5 லிட்டர் ஆவியாகி, அதற்கு ஈடாக லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள போர்வெல் தண்ணீரை ஊற்றினால், ஒரு மாதத்தில் 300 லிட்டர் தொட்டியில் 22 புள்ளிகள் ஏறிவிடும். எனவே, தொட்டித் தண்ணீரைச் சோதிக்கும் அன்றே ஊற்றும் தண்ணீரையும் சோதிக்க வேண்டும். அதில் நைட்ரேட் இருந்தால் மழைநீரைச் சுத்தமாகப் பிடித்துவைத்து ஊற்றலாம், அல்லது ஆர்.ஓ. தண்ணீரைப் பயன்படுத்தலாம்.

இதில் மீனைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. குடிநீரில் நைட்ரேட் 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேற்பட்ட தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் கலந்து கொடுத்தால், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து, குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாயும் ஆபத்து உண்டு. கொதிக்கவைத்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்றுவதால் இன்னும் கூடத்தான் செய்யும். வீட்டுக் கிணற்று நீரில் கிட் அதிகம் காட்டினால், தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து உறுதி செய்துகொள்வது அவசியம்.

எந்தப் பாசி?

மன்னார் வளைகுடா, பாக் ஜலசந்திப் பக்கம் இருப்பவர்களுக்குக் கஞ்சிப்பாசி தெரியும். கிராசிலேரியா என்பது அதன் அறிவியல் பெயர். கஞ்சி காய்ச்சவும், அகர் எடுக்கவும் பயன்படும் சிவப்புப் பாசி. நைட்ரேட்டை நன்றாக உறிஞ்சும், உப்பு ஓரளவு கூடினாலும் குறைந்தாலும் தாங்கும். முதல் தேர்வு இதுவே.

கீரை இலைபோல் மெல்லிசாக இருக்கும் பச்சைப் பாசி உல்வா. வேகமாக வளரும். ஆனால், துண்டு துண்டாகப் பிய்ந்து குழாயை அடைக்கும்.

பச்சை நூல்கண்டு சிக்கியதுபோல் இருப்பது கீட்டோமார்ஃபா. அலங்கார மீன் வளர்ப்பவர்களுக்குப் பிடித்தமானது. சுலபத்தில் கரையாது.

திராட்சைக் கொத்துபோல் இருக்கும் காலெர்ப்பாவும் நைட்ரேட்டை எடுக்கும். ஆனால், இனப்பெருக்க நேரம் வந்தால் ஒரே இரவில் வெளுத்துக் கரைந்து, எடுத்த சத்தையெல்லாம் தண்ணீரிலேயே கொட்டிவிடும். விற்பனைக்குக் குஞ்சு வளர்க்கும் தொட்டிக்கு வேண்டாம்.

அலையாத்திக் கன்றை வைக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். மரம் மெதுவாகத்தான் வளரும். சிறிய தொட்டியில் நான்கைந்து கன்றுகள் எடுக்கும் நைட்ரேட் கணக்கில் வராது. அழகுக்கு வைக்கலாம், அவ்வளவுதான்.

அமைப்பது எப்படி?

பாசியை மீன் இருக்கும் தொட்டியிலேயே போடக் கூடாது. 150 லிட்டர் கொள்ளளவுள்ள, வாய் அகன்ற பிளாஸ்டிக் டப் ஒன்றைத் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதை மீன் தொட்டியைவிடச் சற்று உயரத்தில் வைத்து, சிறிய மோட்டார் மூலம் தொட்டித் தண்ணீரை டப்புக்கு ஏற்ற வேண்டும். டப்பின் மேல்விளிம்புக்குக் கீழே ஒரு துளையிட்டுக் குழாய் பொருத்தினால், நிறைந்த தண்ணீர் தானாகத் தொட்டிக்குத் திரும்பிவிடும். அந்தத் துளைக்கு வலை கட்ட வேண்டும். மோட்டாரிலிருந்து வரும் குழாயின் வாய், டப்பின் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால், கரன்ட் போகும்போது டப்பிலுள்ள தண்ணீர் பின்னோக்கி இறங்கி, தொட்டி வழிந்துவிடும்.

டப்பின் அடியில் காற்றுக் குழாய் போட்டு, பாசி மெதுவாகப் புரண்டுகொண்டே இருக்கும்படி செய்ய வேண்டும். அப்போதுதான் எல்லாப் பக்கமும் வெளிச்சம் படும். வெயில் நேரடியாக விழுந்தால் தண்ணீர் சூடேறிவிடும். நிழல்வலைக்குக் கீழே, அல்லது 20 முதல் 30 வாட் வெள்ளை எல்.இ.டி. விளக்கின் கீழ் தினமும் 12 மணி நேரம் வைக்கலாம். விளக்கை இரவில் எரியவிடுவது இன்னும் நல்லது. இருட்டில் மீன் தொட்டியின் ஆக்சிஜன் குறையும் நேரத்தில், டப்பிலுள்ள பாசி ஆக்சிஜனை உண்டாக்கிக் கொடுக்கும்.

உப்புத் தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம் இது. விளக்கு, மோட்டார் இரண்டுக்கும் மின்கசிவுத் தடுப்பான் கட்டாயம் வேண்டும். பிளக் பாயின்ட்டை டப்புக்கு மேலே வைக்கக் கூடாது. ஒயர் ஓரிடத்தில் கீழே தொங்கி, பிறகு மேலேறி பிளக்குக்குப் போகும்படி விட்டால், வழியும் நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். டப்புக்குள் கை விடும்முன் சுவிட்சை அணைக்க வேண்டும். குழந்தைகள் நடமாடும் திண்ணை என்றால் கூடுதல் கவனம் தேவை.

அறுவடைதான் உயிர்நாடி

அரை கிலோ ஈரப்பாசியில் தொடங்கலாம். நன்றாகப் பிடித்துக்கொண்டால் மூன்று, நான்கு வாரங்களில் 1 கிலோவைத் தாண்டும். அதன் பிறகு வாரம் ஒருமுறை எடைபோட்டு, 1 கிலோவை மட்டும் விட்டுவிட்டு மீதியை எடுத்துவிட வேண்டும். இப்படி எடுப்பதுதான் நைட்ரேட்டை வெளியேற்றுகிறது. எடுக்காமல் விட்டால், அடியில் இருப்பது வெளிச்சமில்லாமல் அழுகி, உறிஞ்சிய தழைச்சத்தைத் தொட்டிக்கே திருப்பிக் கொடுத்துவிடும். களையைப் பிடுங்கி வயலிலேயே போட்டு மட்கவிட்டால் சத்து மறுபடி மண்ணுக்கே போகும் அல்லவா, அதே கதைதான்.

ஈரப்பாசியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் உலர் எடை. அந்த உலர் எடையில் தழைச்சத்து 3 முதல் 4 சதவிகிதம் இருக்கும். ஆக, 1 கிலோ ஈரப்பாசியை வெளியே எடுத்தால் சுமார் 15 கிராம் நைட்ரேட் போன மாதிரி. வாசகியின் தொட்டியில் வாரத்துக்கு 7 கிராமுக்குச் சற்று மேல் உண்டாகிறது. அத்தனையையும் பாசியே எடுக்க வேண்டும் என்றால் வாரம் அரை கிலோ அறுவடை வேண்டும். 1 கிலோ பாசி நாளுக்கு 4 சதவிகிதம் வளர்ந்தால் வாரத்துக்குக் கிடைப்பது 280 கிராம். அதாவது, பாதி வேலையைப் பாசி செய்யும். மீதிக்குத் தண்ணீர் மாற்றம் தொடர வேண்டும். ஆனால், கேன் சுமக்கும் வேலை பாதியாகக் குறையும்.

தீனியிலும் கொஞ்சம் பிடிக்கலாம். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு, ஒருநாளைக்கு மூன்று நான்கு தடவையாகப் பிரித்துக் கொடுத்தால் மிச்சம் அடியில் தங்காது. அடியில் படியும் எச்சத்தைத் தினமும் குழாய் போட்டு உறிஞ்சி எடுத்து, வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த கடல்நீரிலேயே அலசினால், நைட்ரேட்டாக மாறும்முன்பே ஒரு பகுதி போய்விடும். குழாய்த் தண்ணீரில் அலசினால் நல்ல பாக்டீரியாக்கள் செத்துவிடும்.

முதலில் இறக்கிக்கொள்ள வேண்டும்

80-ல் நிற்கும் நைட்ரேட்டைப் பாசியை நம்பி விட்டுவைக்கக் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் கால்வாசி வீதம் நான்கு தடவை மாற்றினால் 80, 60, 45, 34, 25 என்று இறங்க வேண்டும். இடையில் சேர்வதையும் கணக்கில் கொண்டால் 40-க்குப் பக்கத்தில் நிற்கும். அதன் பிறகு பாசியை இறக்கலாம். ஒரு நோட்டில் தேதி, நைட்ரேட், பாசி எடை மூன்றையும் வாரம் ஒருமுறை எழுதிவர வேண்டும். முதல் இரண்டு வாரம் பெரிய மாற்றம் தெரியாது. அதற்காக அவசரப்பட்டுப் பாசியை அள்ளிக் கொட்ட வேண்டாம்.

பாசியின் நிறமே சேதி சொல்லும். கஞ்சிப்பாசி கரும்பழுப்பாக இருந்தால் தழைச்சத்து ஏராளம். வைக்கோல் நிறத்துக்கு வெளுத்தால் பட்டினி. அப்போது பாசியின் அளவைக் குறைக்க வேண்டும். நைட்ரேட்டைப் பூஜ்யமாக்கும் அவசியம் இல்லை.

எங்கிருந்து எடுப்பது?

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் உள்ள 21 தீவுகளைச் சுற்றிப் பாசி பறிப்பதற்குத் தடை உண்டு. பவழப்பாறைத் துண்டுகளை எடுத்துவருவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாசி வளர்ப்பவர்களிடம் கேட்டு வாங்குவதே நல்லது. வாங்கியதைச் சுத்தமான கடல்நீரில் இரண்டு மூன்று தடவை அலசி, பத்து நாள்கள் தனி வாளியில் வைத்திருந்த பிறகே டப்பில் விட வேண்டும். ஒட்டிவரும் குட்டி நண்டு, புழு எல்லாம் அதற்குள் தெரிந்துவிடும்.

வேண்டாத பாசியைக் கடலிலோ கழிமுகத்திலோ வீசக் கூடாது. 1984-ல் மொனாக்கோ கரையோரம் காணப்பட்ட காலெர்ப்பா டாக்சிஃபோலியா, காட்சித் தொட்டியிலிருந்து தப்பியது என்று கருதப்படுகிறது. அது மத்திய தரைக்கடலின் பல கரைகளில் பரவி, அங்கே இயற்கையாக இருந்த கடல்புல்லை நெருக்கியது.

அறுவடை செய்த பாசியை நல்ல தண்ணீரில் நன்றாக அலசி, உப்பு போன பிறகு எருக்குழியில் சாணத்தோடு சேர்த்து மட்கவைக்கலாம். தென்னைக்கும் காய்கறிக்கும் நல்ல உரம். ஆனால், தொட்டியிலிருந்து எடுக்கும் உப்புத் தண்ணீரைச் செடிக்கோ, கிணற்றுக்குப் பக்கத்திலோ ஊற்றக் கூடாது. நன்னீர் மீன் தொட்டித் தண்ணீர் உரம். கடல்நீர்த் தொட்டித் தண்ணீர் மண்ணைக் கெடுக்கும்.

“எங்கள் ஊர் கடற்கரையிலிருந்து ரொம்பத் தூரம். பிள்ளைகளுக்காக 100 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறோம். கடற்பாசி கிடைக்காது. கல் உப்பைக் கரைத்து ஊற்றலாமா? வேறு செடி ஏதாவது உண்டா?”

- வாசகர், ஈரோடு மாவட்டம்.

கல் உப்பு போதாது. கடல்நீரில் சமையல் உப்போடு மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் கலந்திருக்கின்றன. அலங்கார மீன் கடைகளில் விற்கும் கடல் உப்புக் கலவையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

பாசி கிடைக்காதவர்களுக்குச் சுலபமான வழி, பாசித்திரை. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி என்ற விஞ்ஞானி, பவழப்பாறைத் தொட்டிகளுக்காக உருவாக்கிய முறை இது. சொரசொரப்பான பிளாஸ்டிக் வலை ஒன்றைத் தொங்கவிட்டு, அதன்மேல் தொட்டித் தண்ணீர் மெல்லிய திரையாக வழிந்து மறுபடி தொட்டிக்கே விழும்படி செய்து, பக்கத்தில் விளக்கு வைக்க வேண்டும். தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் பாசி வித்துகளே அதில் பிடித்து வளரும். வாரம் ஒருமுறை வலையைக் கழற்றி, பழைய ஏ.டி.எம். கார்டால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி மாட்டிவிடலாம். முழுவதும் சுரண்டாமல் வேர்போல் கொஞ்சம் விட்டால் சீக்கிரம் தழைக்கும்.

உப்பங்கழிக் கரைகளில் தடித்த இலையோடு தரையில் படர்ந்து, ஊதா நிறப் பூ பூக்கும் செசுவியம் என்ற செடியும் கடல்நீரைத் தாங்கும். கணுவோடு ஒடித்த துண்டுகளைத் தெர்மோகோல் அட்டையில் துளையிட்டுச் செருகி மிதக்கவிட்டால், வேர் தண்ணீருக்குள் இறங்கி நைட்ரேட்டை எடுக்கும். முழுக் கடல்நீரில் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். வெயில் படும் இடம் வேண்டும்.

கோமாளி மீன், கடற்பாசி வளர்ப்பு பற்றி நேரில் தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தையோ, பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தையோ அணுகலாம். போகும்போது நைட்ரேட் அளவு எழுதிய நோட்டையும், ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரையும் கையோடு எடுத்துச் சென்றால் ஆலோசனை பெறுவது சுலபமாக இருக்கும்.